பை இல்லாத கண்ணுக்கு எந்த லென்ஸ்?

"ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, ஆனா லென்ஸ் வைக்க முடியலைன்னு சொல்லிட்டாங்க." கண்புரை ஆபரேஷனுக்குப் போய்விட்டு இந்த வாக்கியத்தோடு திரும்பி வந்தவர்களை என் அறை நாற்காலியில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் கண் மருத்துவர் இல்லை, கண்ணாடிப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். தியேட்டருக்குள் நடப்பது எனக்குக் கேட்டும் படித்தும் தெரிந்ததுதான். ஆனால் அங்கே செய்தது எப்படி நின்றிருக்கிறது என்பது, ஆறு மாதம் கழித்தும் ஆறு வருடம் கழித்தும், என் முன்னால்தான் வந்து உட்காரும்.

இவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "டாக்டர் ரெண்டு மூணு வழி இருக்குன்னாரு. ஒருத்தர் தையல் போட்டு வைக்கலாம்ங்கிறார், இன்னொருத்தர் பசை போட்டு ஒட்டலாம்ங்கிறார். எதுங்க நல்லது?"

கேள்வியை லேசாகத் திருப்பி வைத்தால்தான் பதில் கிடைக்கும். லென்ஸ் எது என்பதைவிட, உங்கள் கண்ணில் மிச்சம் என்ன இருக்கிறது என்பதும், யார் கை வைக்கப் போகிறார் என்பதும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

## உண்மையிலேயே இடம் இல்லையா?

நம் கண்ணின் இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பையைச் சுற்றிலும் நூல் போன்ற இழைகள் பிடித்துத் தொங்கவிட்டிருக்கின்றன. சாதாரணக் கண்புரை ஆபரேஷனில் பையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் புரையை மட்டும் எடுத்து, அதே பையில் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பை கிழிந்தாலோ, இழைகள் அறுந்தாலோ லென்ஸ் உட்கார இடம் இருக்காது.

காரணங்கள் பல. பந்தோ குச்சியோ பட்ட அடி, மார்ஃபான் போன்ற பிறவிக் கோளாறுகள், வயதானவர்களின் கண்ணில் சாம்பல் உதிர்ந்தது போலப் படியும் சூடோ எக்ஸ்ஃபோலியேஷன், முற்றிப் பாறையாகிப் போன புரை, சில சமயம் ஆபரேஷனின்போதே பை கிழிந்துவிடுவது. எல்லாமே 'லென்ஸ் வைக்கலை' என்ற ஒரே வார்த்தையில் வந்து நிற்கும். ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

பின்புறம் கிழிந்திருந்தாலும் பையின் முன்பக்க வளையம் முழுசாக இருந்தால், ஐரிஸுக்கும் (கண்மணியைச் சுற்றி நிறமாகத் தெரியும் திரை) அந்த வளையத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் மூன்று துண்டு லென்ஸ் (நடுவில் லென்ஸ், தனியாகப் பொருத்திய இரண்டு மெல்லிய கால்கள்) ஒன்றை வைத்துவிடலாம். கீழே சொல்லப்போகும் எதுவும் அப்போது தேவைப்படாது. அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "பையில எதாவது மிச்சம் இருக்கா?" என்பதுதான். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: பைக்குள் வைப்பதற்கென்று செய்த ஒற்றைத் துண்டு மடிப்பு லென்ஸை அந்தப் பள்ளத்தில் வைத்தால், அது ஐரிஸை உரசி உரசி அழற்சியையும் ரத்தக் கசிவையும் கண் அழுத்த ஏற்றத்தையும் கொண்டுவரும்.

## எதை எதைப் பார்த்து முடிவு செய்வது

கருவிழியின் (கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியா) உள்ளடுக்கு செல்கள் முதலில். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 இருக்கும். போனால் திரும்ப முளைக்காது. ரொம்பக் குறைந்துபோனால் கருவிழி நீர் கோத்து மங்கிவிடும். ஏற்கெனவே ஒரு சிக்கலான ஆபரேஷன் நடந்த கண்ணில் இந்தக் கணக்கு பெரும்பாலும் அடிவாங்கியிருக்கும். ஸ்பெகுலர் டெஸ்ட் என்று வலியில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது, அதை எடுக்காமல் முடிவுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது ஐரிஸ். முழுசாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, சுருங்கி விரிகிறதா. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உண்டா. வெண்விழி போதிய தடிப்போடு இருக்கிறதா. விழித்திரையில் ஓட்டையோ வீக்கமோ இருக்கிறதா. கண்ணுக்குள் உள்ள ஜெல்லி முன்னால் வந்து நிற்கிறதா, அதை எடுக்க வேண்டுமா. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா.

அப்புறம் வயது. 78 வயதுக்காரருக்கு பத்து வருடம் தாங்கும் ஏற்பாடு போதும். 22 வயதுப் பையனுக்கு அது போதாது.

கடைசி அளவுகோல், அந்த முறையை அந்த டாக்டர் எவ்வளவு செய்திருக்கிறார் என்பது. கடைசியில் சொன்னாலும் இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி வெளிவந்த ஆய்வுகளை இரண்டு தடவை, 2003லும் 2020லும், அலசிப் பார்த்தது. மற்றதைவிட இந்த முறைதான் மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றுதான் இரண்டு தடவையும் முடிவு வந்தது. அப்படியிருக்க, "எங்ககிட்ட இருக்கிறதுதான் லேட்டஸ்ட்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன்.

## ஆபரேஷனே வேண்டாம் என்றால்

கண்ணாடி ஒரு வழி. லென்ஸ் இல்லாத கண்ணுக்குச் சுமார் +10 பவர் தேவைப்படும். பழைய ஆட்கள் சொல்லும் சோடா புட்டிக் கண்ணாடி இதுதான். எல்லாவற்றையும் நாலில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும். ஓரப் பார்வையில் வளையம் போல ஓர் இருட்டு விழும், பக்கவாட்டில் இருந்து வருகிற ஆள் திடீரென்று முன்னால் முளைத்தது போலத் தெரிவார். படி இறங்கும்போது கால் தடுமாறும். இரண்டு கண்ணிலுமே லென்ஸ் இல்லாதவர்கள் இதற்குப் பழகிவிடுவார்கள், அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தானே பழகியது. மற்றக் கண் நன்றாக இருந்தால் மட்டும் இது நடக்காது. ஒரு கண்ணில் பெரிய உருவம், இன்னொன்றில் சின்ன உருவம், மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது. அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அது அலமாரியில்தான் கிடக்கும்.

கான்டாக்ட் லென்ஸில் உருவம் பெரிதாவது ஏழெட்டு சதவீதம்தான், அதை மூளை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மார்ஃபான் உள்ள குழந்தைகளுக்கும் அடிபட்ட இளைஞர்களுக்கும் கண் முழுசாக அமைதியாகும் வரை இது நல்ல வழி. ஆனால் தினமும் போட்டுக் கழற்ற நடுங்காத கை வேண்டும், சுத்தம் வேண்டும். களத்து மேட்டில் தூசிக்கு நடுவில் வேலை செய்கிறவருக்கு நான் தயங்குவேன். பயிர்த் தூசியாலும் கதிர் கீறியும் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது நம் பக்கம் சாதாரணம். அதோடு கான்டாக்ட் லென்ஸும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

ஆபரேஷன் செய்வதாகவே முடிவெடுத்துவிட்டாலும் ஒரு வேலை மட்டும் முன்னாடி செய்யுங்கள். அந்தக் கண்ணில் +10 சோதனை லென்ஸை வைத்து எத்தனை வரி படிக்க முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் படிக்க முடிவதுதான் ஏறக்குறைய ஆபரேஷனுக்குப் பிறகும் கிடைக்கப் போவது. அதிலேயே பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை என்றால் குறை லென்ஸில் இல்லை, விழித்திரையிலோ நரம்பிலோ இருக்கிறது. பணத்தை எண்ணி வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பல பேருக்கு யாரும் செய்து காட்டுவதில்லை.

## முன் அறை லென்ஸ்

கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவில், ஐரிஸின் முன்பக்கமாக வைத்து, கண்ணின் கோணத்தில் (கருவிழியும் ஐரிஸும் சேரும் ஓரத்தில்) ஊன்றி நிற்கும் லென்ஸ். வைப்பது சுலபம், சீக்கிரம் முடியும். மடியாத பொருளில் செய்தது என்பதால் 6 மி.மீ. அளவு வெட்டு வேண்டும், தையலும் வேண்டும். அந்தத் தையல் கருவிழியை இழுத்துச் சிலிண்டர் பவரைக் கொண்டுவரும்.

சிக்கல் என்னவென்றால் அது நிற்கும் இடம். கருவிழியின் உள்ளடுக்குக்கு அருகில், நீர் வடியும் கோணத்தின் மேலேயே. அளவு சிறிதானால் ஆடும், பெரிதானால் அழுத்தும். அந்தக் காலத்து மூடிய வளையக் கால்கள் கொண்ட லென்ஸ்கள் பல கருவிழிகளைக் கெடுத்து இதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. இன்றைய திறந்த கால்கள் கொண்டவை எவ்வளவோ மேல். செல் கணக்கு நன்றாக இருந்து, கிளாக்கோமா இல்லாமல், நீண்ட ஆபரேஷன் தாங்காத வயதானவர் என்றால் இது இன்னமும் நியாயமான தேர்வுதான். இளைஞருக்கு வேண்டாம் என்பேன்.

## ஐரிஸைக் கவ்வும் லென்ஸ்

இதை 1970களில் உருவாக்கியவர் நெதர்லாந்துக்காரரான யான் வோர்ஸ்ட். நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் ஐரிஸின் ஒரு மடிப்பைக் கவ்விப் பிடிக்கும். இப்போது பல இடங்களில் ஐரிஸுக்குப் பின்புறம் வைக்கிறார்கள், அதனால் கருவிழியிலிருந்து தள்ளியே இருக்கும். வெண்விழியில் துளை போட வேண்டியதில்லை. பழகிய கைக்கு வேகமான ஆபரேஷன். இந்தியாவிலேயே தயாராவதால் லென்ஸ் விலையும் கட்டுப்படும். நம் பக்கத்து மருத்துவமனைகளில் இது நிறையப் பேருக்கு வைக்கப்படுவதற்கு இதெல்லாம் காரணம்.

ஆனால் கவ்வுவதற்கு நல்ல ஐரிஸ் வேண்டும். அடிபட்டுக் கிழிந்த ஐரிஸிலும் சுருங்கித் தேய்ந்த ஐரிஸிலும் பிடி நிற்காது. இதுவும் மடியாத லென்ஸ், 5 மி.மீ.க்கு மேல் வெட்டு. எனக்கு இவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும், கண்மணி லேசாக முட்டை வடிவில் இருக்கும். பார்வைக்கு அது பெரிய குறையில்லை. ஆனால் சொட்டு மருந்து போட்டாலும் கண்மணி முழுசாக விரியாது, பின்னால் சர்க்கரை நோய்க்காக விழித்திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டி வந்தால் டாக்டர் சிரமப்படுவார். முகத்தில் பலமான அடி விழுந்தால் ஒரு பக்கக் கவ்வல் கழன்று லென்ஸ் தொங்கலாம். பெரும்பாலும் திரும்ப மாட்டிவிடலாம், அதுவும் இன்னொரு ஆபரேஷன்தான்.

## வெண்விழியில் தைப்பது

லென்ஸை நூலால் வெண்விழியோடு சேர்த்துத் தைப்பது பழைய, நிதானமான முறை. ஐரிஸ் எந்த நிலையில் இருந்தாலும் செய்யலாம். லென்ஸ் இயற்கையாக இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும்.

இதன் கதை முழுக்க நூலில்தான். பல வருடம் எல்லோரும் போட்டது 10-0 புரோலின், தலைமுடியைவிட மெல்லியது. அது சில வருடங்களில் நைந்து அறுந்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஐந்து, பத்து வருடம் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு காலையில் எழுந்து, "பாதிப் பார்வைக்கு மேல ஏதோ கோடு தெரியுது" என்று வருவார். லென்ஸ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இளைஞர்களுக்கு இதை நினைத்துத்தான் யோசிக்க வேண்டும். அதனால் பல டாக்டர்கள் கொஞ்சம் தடித்த 9-0 நூலுக்கோ, கோர்டெக்ஸ் நூலுக்கோ மாறிவிட்டார்கள். கோர்டெக்ஸ் அறுந்துபோவது அபூர்வம். ஆனால் அது கண்ணுக்கென்று அனுமதி பெற்ற நூல் இல்லை, மருத்துவர் தம் பொறுப்பில் பயன்படுத்துவது.

அந்த நூலோடு அடிக்கடி போடும் நாலு துளை லென்ஸ்களில் நீர் ஈர்க்கும் அக்ரிலிக்கில் செய்தவை உண்டு. பின்னாளில் விழித்திரைக்காகவோ கருவிழி மாற்றுக்காகவோ கண்ணுக்குள் காற்றோ வாயுவோ நிரப்பினால் அந்த லென்ஸ் பால் போல வெளுத்துப்போகலாம். வெளுத்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். விழித்திரை பலவீனமாக இருப்பவர் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## பசை லென்ஸ்

இது நம்மூர் முறை. 2007 இறுதியில் சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் தொடங்கி, உலகம் முழுக்கப் போனது. மூன்று துண்டு லென்ஸின் இரண்டு கால்களையும் வெண்விழியில் எதிரெதிராக வெட்டிய இரு மூடிகளுக்கு அடியில் வெளியே எடுத்து, வெண்விழிக்குள்ளேயே குடைந்த சிறு சுரங்கத்தில் செருகி, மூடியை ஃபைப்ரின் பசையால் ஒட்டிவிடுவார்கள்.

"பசை விட்டுப்போனா லென்ஸ் விழுந்துராதா?" என்று கேட்காத ஆளே இல்லை. விழாது. லென்ஸைப் பிடித்திருப்பது பசை இல்லை, சுரங்கத்துக்குள் செருகிய கால். அந்தச் செருகும் யோசனை ஜெர்மனியில் வேலை பார்த்த காபோர் ஷாரியத்துடையது. பசை மூடியை ஒட்ட மட்டும்தான், சில வாரங்களில் அது கரைந்துபோகும். அதற்குள் சதை கூடிவிடும். பெயரில் பசை இருப்பதால் வந்த பயம் இது.

நூல் இல்லாததால் அறுந்துபோகும் கவலை இல்லை. மடிப்பு லென்ஸ் என்பதால் வெட்டும் சின்னது. லென்ஸ் அதிகம் ஆடாது. பாதகம்: பசைக்கென்று தனிச் செலவு, அது மனித ரத்தத்திலிருந்து எடுப்பது. ஆபரேஷன் நேரம் கூடுதல். இரண்டு கையும் ஒத்துழைக்கும் பயிற்சி டாக்டருக்கு வேண்டும். வெண்விழி மெலிந்தவர்களுக்கு மூடி வெட்டுவதே சிரமம்.

## யமானே முறை

ஜப்பானின் யோகோஹாமாவைச் சேர்ந்த ஷின் யமானேயின் முறை, 2017இல் விரிவாக வெளிவந்தது. மூடி வெட்டுவதில்லை, பசை இல்லை, நூல் இல்லை. 30 கேஜ் மெல்லிய ஊசிகள் இரண்டை வெண்விழி வழியாகச் சாய்வாக நுழைத்து, லென்ஸின் கால்களை ஊசித் துளைக்குள் விட்டு வெளியே இழுத்து, நுனியைச் சூட்டால் லேசாக உருக்குவார்கள். நுனி ஆணித்தலை மாதிரி குமிழாகும், அதை வெண்விழிக்குள் தள்ளிவிட்டால் நின்றுகொள்ளும். பார்க்க அவ்வளவு அழகு, கேட்க அவ்வளவு சுலபம்.

செய்வது சுலபமில்லை. இரண்டு ஊசிகளும் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில், நேர் எதிரெதிராக நுழைய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் லென்ஸ் சாயும். சாய்ந்த லென்ஸோடு வருகிறவருக்கு நான் எத்தனை சிலிண்டர் போட்டாலும் "இன்னும் நிழலடிக்குதுங்க" என்பார். யமானேயின் முதல் 100 கண்களிலேயே 8இல் ஐரிஸ் லென்ஸ் மேல் மாட்டிக்கொண்டது, 5இல் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. கண்டுபிடித்தவர் கையிலேயே அப்படி என்றால், புதிதாகக் கற்கிறவர் கையில் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். உருக்கிய குமிழ் மேலே துருத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தால் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். எல்லா மூன்று துண்டு லென்ஸும் இதற்கு ஒத்துவராது. சிலவற்றின் கால் வளைக்கும்போதே நொறுங்கும், வளைந்து கொடுக்கும் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கால் உள்ளவை தேவை.

## ஒரே பார்வையில்

| முறை | வெட்டு | கண்ணில் என்ன இருக்க வேண்டும் | பின்னாளில் வரக்கூடியது |
|---|---|---|---|
| கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ் | இல்லை | கண்ணாடிக்கு இரு கண்ணும் ஒரே நிலை, கான்டாக்டுக்குச் சுத்தமும் நிதானமான கையும் | தடுமாற்றம், கிருமித் தொற்று |
| முன் அறை லென்ஸ் | பெரியது | நிறையக் கருவிழி செல்கள், நல்ல கோணம் | கருவிழி மங்கல், கிளாக்கோமா |
| ஐரிஸ் கவ்வல் | பெரியது | முழுமையான ஐரிஸ் | கவ்வல் கழல்தல், முட்டைக் கண்மணி |
| தையல் | லென்ஸைப் பொறுத்து | திடமான வெண்விழி | நூல் அறுதல், நூல் வெளித்தெரிதல் |
| பசை | சின்னது | மூடி வெட்டத் தடிப்பான வெண்விழி | சாய்வு, கால் வெளித்தெரிதல் |
| யமானே | சின்னது | பழகிய டாக்டர், ஏற்ற லென்ஸ் | சாய்வு, ஐரிஸ் மாட்டுதல் |

## பில்லில் தெரியாத செலவு

லென்ஸின் விலை இதில் சின்னப் பகுதிதான். 1992இல் மதுரையில் அரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் தொடங்கிய பிறகு சாதாரணச் செயற்கை லென்ஸ் ஏழைக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது. காசு போவது வேறு இடங்களில். ஜெல்லியை எடுக்கும் விட்ரெக்டமிக்குத் தனிக் கணக்கு வரும். பசை வரும். உள்ளே விழுந்த லென்ஸையோ புரைத் துண்டையோ எடுக்க வேண்டுமானால் விழித்திரை நிபுணரும் சேர்ந்து நிற்பார். காப்பீடு இருந்தால் 'லென்ஸ் வைப்பது' என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், விட்ரெக்டமியும் சேர்த்துத்தான் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

சாதாரணப் புரை ஆபரேஷன் மாதிரி நாலு நாளில் வேலைக்குப் போய்விடலாம் என்றும் கணக்குப் போடக் கூடாது. அழுத்தம் ஏறுகிறதா, விழித்திரை நடுவில் நீர் கோக்கிறதா என்று மாதக்கணக்கில் வந்து காட்ட வேண்டும். வெளியூர்க்காரருக்கு ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஓர் ஆளின் ஒரு நாள் கூலியும் போகும்.

எந்த முறையானாலும் கண்ணாடி தேவைப்படும், படிக்கக் கட்டாயம். லென்ஸ் எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதைத் துல்லியமாகக் கணிக்க முடியாததால் தூரப் பார்வைக்கும் கொஞ்சம் பவர் மிஞ்சலாம். இந்தக் கண்ணில் தூரமும் கிட்டவும் ஒன்றிலேயே காட்டும் மல்டிஃபோக்கல் லென்ஸ் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துளி சாய்ந்தாலும் அது சொதப்பும், அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

## என்னைக் கேட்டால்

75 வயதுக்கு மேல், இதயமும் மூச்சும் சுமார், ஐரிஸ் நன்றாக இருக்கிறது: ஐரிஸ் கவ்வல். சீக்கிரம் முடியும், போதிய காலம் நிற்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், வெண்விழியைத் துளைக்காததால் இதுவே நிம்மதி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இரண்டு டாக்டர்களையும் பேசவிடுங்கள்.

இளைஞர், அடிபட்டு ஐரிஸும் சிதைந்திருக்கிறது: பசையோ யமானேயோ, அந்த ஊரில் யார் எதை அதிகம் செய்கிறாரோ அது. தையல்தான் வரும் என்றால் எந்த நூல் என்று கேளுங்கள், 10-0 புரோலின் என்றால் வேறு நூல் போட முடியுமா என்று கேளுங்கள். அடிபட்ட கண்ணில் வீக்கம் அடங்கும் வரை சில வாரம் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

மார்ஃபான் குழந்தை: அவசரப்பட வேண்டாம். கண்ணாடியாலோ கான்டாக்ட் லென்ஸாலோ பார்வை வளர்கிற வரை அதுவே போதும். அந்த வெண்விழி மெலிதாக இருக்கும், விழித்திரை விலகும் அபாயமும் அதிகம். ஆனால் கண் சோம்பேறியாகாமல் பார்ப்பது முக்கியம், தவறாமல் காட்ட வேண்டும்.

கருவிழி ஏற்கெனவே மங்கியிருந்தால் முன் அறை லென்ஸ் பேச்சே கூடாது.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்: "இதை மாசத்துக்கு எத்தனை பேருக்குப் பண்றீங்க டாக்டர்?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். தையல் லென்ஸை இருபது வருடமாக வைக்கிற ஒருவரிடம் போய், யமானேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி. போன வருடம் ஒரு பெரியவர் வந்தார், வலது கண் லென்ஸ் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. எப்போது வைத்தது என்றால் "பேத்தி பொறந்த வருஷம்" என்றார். எந்த முறை, என்ன நூல், என்ன லென்ஸ், ஒன்றும் தெரியாது. சீட்டை வீடு மாற்றும்போது தொலைத்துவிட்டாராம். அனுப்பிய இடத்தில் டாக்டர் என்ன இருக்கிறது என்று தெரியாமலே கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது. முறையின் பெயர், லென்ஸின் ஸ்டிக்கர், நூலின் அளவு, மூன்றும் அந்தச் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். கண் திடீரென்று சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், அப்போது கையில் இருக்க வேண்டியதும் அந்தப் படம்தான்.